ஒளிப்படமும் லினோ அச்சோவியமும்: சான்றுரைத்தலின் இரு வழிகள்

முன்னுரை

ஒளிப்படத்தின் ஈர்ப்பில் லினோலியத்தில் வெட்டி எடுக்கப்படும் அச்சோவியம், மூலத்தின் நகலாகவே பலராலும் கருதப்படுகிறது. இவ்விரு கலைகளும் இந்தியாவில் வளர்ந்த முறையை நோக்கின் அக்கருத்து பொருந்தவில்லை. கண்டதைப் பலரிடம் கொண்டு சேர்ப்பது எப்படி என்னும் ஒரே வினாவுக்கு இரண்டும் தந்த வெவ்வேறு விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னைக் கலைப்பள்ளி

மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கு மரச்செதுக்கு அச்சுடன் ஒளிப்படக் கலையும் 1850களிலேயே கற்பிக்கப்பட்டது. 1856-இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியதிலும் ஹண்டருக்குப் பங்குண்டு. ஒளிப்படத்தை ஈய எழுத்துகளோடு சேர்த்து அச்சிட அந்நாளில் வழியில்லை. ஆதலால் உலகெங்கும் இதழ்கள் ஒளிப்படத்தை மரக்கட்டையில் செதுக்கி வெளியிட்டன. புள்ளித்திரை வழி உருவாகும் உலோக பிளாக் பரவிய பின்னரே செதுக்குநரின் இப்பணி குறைந்தது.

லினோவின் இயல்பு

ஆளிவிதை எண்ணெய், தக்கைத்தூள், சணல்துணி ஆகியவற்றால் ஆன லினோலியத்தை 1860களில் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் தரைவிரிப்பாக உருவாக்கினார். இதில் மரத்தின் நாரோட்டம் இல்லை. உளி எத்திசையிலும் செல்லும். விலையும் குறைவு. தண்டி யாத்திரைக் காந்தியடிகளை நந்தலால் போஸ் 1930-இல் லினோவில் வெட்டிய படம் இந்திய அளவில் புகழ்பெற்றது.

வெட்டிய இடம் வெள்ளையாகும்; விட்ட இடம் கறுப்பாகும்; உருவம் இடவலம் மாறி அச்சாகும். ஒளிப்படத்தில் உள்ள சாம்பல் நிறப் படிநிலைகள் இதில் இல்லை. எனவே எது ஒளி, எது இருள் என்பதை ஒவ்வோர் இடத்திலும் வெட்டுபவரே தீர்மானித்தாக வேண்டும். நகல் என்னும் கருத்து இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

வங்கப் பஞ்சம், 1943

ஏறத்தாழ 30 லட்சம் உயிர்களைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் வங்கப் பஞ்சத்தில் இவ்விரு வழிகளும் அருகருகே நின்றன. பொதுவுடைமைக் கட்சியின் பொதுச்செயலாளர் பி. சி. ஜோஷியின் தூண்டுதலால் சுனில் ஜானா ஒளிப்படக் கருவியுடனும், ஓவியர் சித்தபிரசாத் தூரிகையுடனும் பஞ்சப் பகுதிகளுக்குச் சென்றனர். ஜானாவின் படங்கள் கட்சி ஏட்டில் வெளிவந்தன. 1943 நவம்பரில் மிதினாப்பூர் மாவட்டத்தில் கண்டவற்றைச் சித்தபிரசாத் மைக்கோட்டோவியங்களுடன் ‘பசித்த வங்காளம்’ என்னும் சிறுநூலாக்கினார். ஆங்கிலேய அரசு அதன் 5,000 படிகளைப் பறிமுதல் செய்து அழித்தது.

பின்னாளில் சித்தபிரசாத் லினோவையே தம் முதன்மை ஊடகங்களுள் ஒன்றாக்கிக்கொண்டார். உழைக்கும் சிறார்களைப் பற்றிய ‘தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்’ வரிசை அவ்வாறு பிறந்தது. அவை எந்த ஒளிப்படத்தையும் பார்த்து வெட்டப்பட்டவை எனக் கொள்ள வேண்டியதில்லை. நேரில் நின்று காணும் ஒழுக்கமே அவருக்கும் ஜானாவுக்கும் பொதுவானது. தனி ஓவியம் ஒருமுறை அழிந்தால் அழிந்ததே. லினோப் பலகை எஞ்சினால் மீண்டும் மைபூசிப் படியெடுக்கலாம். அழிக்கப்பட்ட ஒரு நூலின் ஆசிரியர் இவ்வூடகத்தை நாடியதில் இப்பண்பும் கருதத்தக்கது.

முடிவுரை

அச்சுத் தேவையால் செதுக்குநர் ஒளிப்படத்தைச் சார்ந்திருந்த நிலை 19ஆம் நூற்றாண்டினுடையது. அத்தேவை நீங்கிய பின்னரும் செதுக்கும் கலை வாழ்ந்தது; ஒளிப்படம் எல்லாவற்றையும் பதிவுசெய்ய, லினோ எதை மறக்கலாகாது என்று தேர்ந்து சொன்னது. ஆகவே ஒளிப்படத்தை நேசித்து லினோ வெட்டுவோரின் படைப்பை, மூலத்தோடு அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைக்கொண்டு அளப்பது தகாது. அவர் எதை வெட்டி நீக்கினார், எதை விட்டுவைத்தார் என்பதே உரிய அளவுகோல்.