திருத்தும் மேசையும் காட்டும் சுவரும்: இணையப் படக்காட்சியகம் உருவான வரலாறு

புகைப்படத்தைத் திருத்துவதும் பிறர் பார்க்கும்படி வரிசையாக வைப்பதும் ஒரே மென்பொருளுக்குள் நடந்த காலம் ஒன்று இருந்தது. 1999 முதல் 2008 வரையிலான அந்தச் சிறு காலப்பகுதிக்கு, டிஜிட்டல் புகைப்பட வரலாற்றை எழுதியவர்கள் ஒருசில வரிகளே ஒதுக்கியிருக்கிறார்கள். படத்தொகுப்பைத் தானே வடிவமைத்து, அதன் கோப்புகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை சாதாரணப் புகைப்படக்காரருக்குக் கிடைத்ததும், பின்னர் நழுவியதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே அதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இணையப் பக்கத்தில் எழுத்தோடு படத்தையும் சேர்த்துக் காட்டுவதற்கான குறியீட்டை மார்க் ஆண்ட்ரீசன் 1993 பிப்ரவரியில் முன்மொழிந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் உலாவி அதைப் பரப்பியது. அன்று கையிலிருந்த பட வடிவங்களில் 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் 256 நிறங்களோடு நின்றுவிடும். மனித முகத்தின் தோல் நிறம் அதில் திட்டுத்திட்டாகத் தெரியும். 1992இல் தரநிலையான ஜேபெக், புகைப்படத்துக்கென்றே பிறந்தது. 1994இல் வந்த நெட்ஸ்கேப் உலாவி ஜேபெக்கையும் பக்கத்துக்குள்ளேயே காட்டிய பிறகுதான் வலையில் புகைப்படம் என்பது நடைமுறைச் செய்தியாயிற்று.

ஆனாலும் நேரம் பெரிய தடை. 28.8 கிலோபிட் மோடத்தில் 60 கிலோபைட் படம் ஒன்று வந்து சேர ஏறத்தாழ 17 விநாடி ஆகும். இருபது படங்களை ஒரே பக்கத்தில் அடுக்கினால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். சிறுபடங்களை முதலில் காட்டி, சொடுக்கினால் மட்டும் பெரிய படத்தைத் திறக்கும் முறை இந்த நெருக்கடியின் விளைவு. அதன்படி ஒவ்வொரு படத்தையும் இரண்டு அளவுகளில் சேமிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் எழுத வேண்டும். முன், பின் இணைப்புகளைக் கோக்க வேண்டும். யுனிக்ஸ் கணினிகளில் பழகியவர்கள் 1990இல் வெளியான இமேஜ்மேஜிக் கருவியைக் கட்டளை வரியில் ஓட்டி இதைச் சமாளித்தார்கள். மற்றவர்கள் கையால் செய்தார்கள்.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கி 1990இல் அடோபி வெளியிட்ட போட்டோஷாப், அச்சுத் தொழிலை நோக்கியே வளர்ந்தது. 1999இல் வந்த 5.5 பதிப்பு அதை வலையின் பக்கம் திருப்பியது. வலைக்கான படங்களைத் தயாரிக்கும் இமேஜ்ரெடி அதனுடன் இணைத்து வழங்கப்பட்டது. தரத்தையும் கோப்பின் அளவையும் அருகருகே ஒப்பிட்டுச் சேமிக்கும் வசதி வந்தது. கூடவே ‘வெப் போட்டோ கேலரி’ என்ற கட்டளையும் வந்தது.

இந்தக் கட்டளை செய்த வேலையைச் சற்று நின்று பார்க்கலாம். படங்கள் இருக்கும் கோப்புறையைக் காட்டிவிட்டால் போதும். மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் திறந்து, சுருக்கி, ஜேபெக்காகச் சேமிக்கும். முடிவில் ஒரு முகப்புப் பக்கமும் மூன்று உட்கோப்புறைகளும் கிடைக்கும்: பெரிய படங்களுக்கு ஒன்று, சிறுபடங்களுக்கு ஒன்று, தனித்தனிப் பக்கங்களுக்கு ஒன்று. மொத்தத்தையும் எஃப்டிபி வழியே வழங்கியில் ஏற்றிவிடலாம். அங்கே தரவுத்தளம் வேண்டாம், நிரலும் வேண்டாம். குறுந்தட்டில் எழுதி ஒருவர் கையில் கொடுத்தாலும் அதே தொகுப்பு அப்படியே திறக்கும். பக்கங்களுக்கு அடிப்படையான வார்ப்புருக்கள் வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். ஓரளவு தெரிந்தவர் அவற்றைத் திருத்தித் தமக்கென ஓர் அமைப்பைச் செய்துகொள்ள முடிந்தது.

படவிளக்கத்தை இது கையாண்ட விதம்தான் என் மதிப்பீட்டில் மிக முக்கியமானது. செய்தி நிறுவனங்கள் தந்திப் படங்களை அனுப்பும்போது தலைப்பு, எடுத்தவர் பெயர், உரிமைக் குறிப்பு ஆகியவற்றைப் படக்கோப்புக்குள்ளேயே பதிப்பதற்கு ஐபிடிசி அமைப்பு ஒரு முறையை வகுத்திருந்தது. 1990களின் நடுப்பகுதியிலேயே போட்டோஷாப் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. காட்சியகக் கட்டளை அந்தக் குறிப்புகளை எடுத்துப் பக்கத்தில் அச்சிட்டது. நாளிதழ் அலுவலகத்தின் ஒழுங்கு இப்படியாகக் கல்யாண வீட்டுப் படங்களுக்கும் ஊர்ப் பயணப் படங்களுக்கும் வந்து சேர்ந்தது. படத்துக்குப் பெயரிடும் பழக்கம் உள்ளவருக்கு மென்பொருள் கைம்மாறு செய்தது.

அடுத்த மாற்றத்தை உந்தியது படங்களின் பெருக்கம். டிஜிட்டல் கேமரா வீட்டுப் பொருளானபோது, வழங்கியில் இடம் வாங்குவதும் கோப்புகளை ஏற்றுவதும் பெரும்பாலோருக்குச் சுமையாக இருந்தன. ஆப்பிளின் ஐபோட்டோ 2002இல் வந்தது; தொகுப்பை அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வெளியிட அது வழிசெய்தது. 2004 பிப்ரவரியில் வான்கூவரிலிருந்து ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளம் தொடங்கியது. அதே ஆண்டு பிகாசா என்ற பட மென்பொருளைக் கூகுள் வாங்கியது. 2006இல் அதனுடன் வலைத் தொகுப்புச் சேவையை இணைத்தது. ஃபிளிக்கரில் பிறர் கருத்து எழுதலாம், குறிச்சொல் இடலாம். போட்டோஷாப் உருவாக்கிய பக்கமோ ஊமை. மக்கள் சேவைகளின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. படம் காட்டுவதே பிறர் சொல்லைக் கேட்கத்தானே?

காட்சியகத்தின் அழகிலும் போட்டி நடந்தது. 2007இல் வெளிவந்த அடோபியின் லைட்ரூம் மென்பொருள், வலைக்கெனத் தனிப் பகுதியையே கொண்டிருந்தது. அதில் எளிய எச்டிஎம்எல் காட்சியகங்களோடு, உலாவியில் ஃபிளாஷ் செருகுநிரலின் துணையோடு படங்கள் வழுக்கிச் செல்லும் காட்சியகங்களும் இருந்தன. தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் பலர் ஃபிளாஷைத் தேர்ந்தார்கள். லோகேஷ் தாக்கர் 2005இல் வெளியிட்ட லைட்பாக்ஸ் என்ற சிறு நிரல், ஃபிளாஷ் இல்லாமலே பெரிய படத்தைப் பக்கத்தின் மேல் மிதக்கவிட்டது. பின்னாளில் எண்ணற்ற தளங்கள் பின்பற்றிய வழி அதுதான். 2008இல் போட்டோஷாப்பின் சிஎஸ்4 பதிப்பு வந்தபோது காட்சியகக் கட்டளை அதிலிருந்து நீங்கி, அதன் துணைக் கருவியான பிரிட்ஜுக்குப் போனது. திருத்தும் மேசையிலிருந்து காட்டும் சுவர் பிரிந்த தருணம் என்று இதையே கொள்கிறேன்.

பின்விளைவுகளைத் தேதிகள் சொல்கின்றன. ஆப்பிளின் மொபைல்மீ காட்சியகமும் கோடாக் கேலரி என்ற படச் சேவையும் 2012இல் மூடப்பட்டன. பிகாசா 2016இல் கைவிடப்பட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதை மட்டுமே நம்பிய காட்சியகங்கள் இன்றைய உலாவியில் திறப்பதில்லை. 1999இன் எளிய எச்டிஎம்எல் தொகுப்போ, கோப்புறை கையில் இருந்தால், இன்றைய கைப்பேசியிலும் திறக்கும். எழுத்து பொடியாகத் தெரியலாம், படம் சிறியதாக இருக்கலாம், ஆனால் திறக்கும். வலைப் பக்கங்களைச் சேமிக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் இவை எளிதானவை. இணைப்பைத் தொடர்ந்து செல்லும் சேகரிப்பு நிரலுக்கு எல்லாப் படங்களும் நேரடி இணைப்பிலேயே கிடைத்துவிடும்; ஃபிளாஷ் உள்ளிருந்து அழைக்கும் படங்களை அது பெரும்பாலும் தவறவிடும்.

பழைய தொகுப்புகளைத் தேடும் ஆய்வாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலைக்காகச் சுருக்கும்போது படக்கோப்பின் உட்குறிப்புகள் பல வேளைகளில் அகற்றப்பட்டன. அவற்றைத் தக்கவைக்கும் விருப்பத்தேர்வு பின்வந்த பதிப்புகளில்தான் சேர்ந்தது. எனவே எடுத்தவர் பெயரும் இடமும் நாளும் படத்துக்குள் இல்லாமல், பக்கங்களுக்கான கோப்புறையில் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். குறுந்தட்டிலிருந்து படங்களை மட்டும் நகலெடுத்து மற்றதைக் குப்பையென்று விடுபவர்கள், அந்தப் படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லும் ஒரே பதிவையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். மூன்று கோப்புறைகளையும் முகப்புப் பக்கத்தையும் பெயர் மாற்றாமல் ஒன்றாகவே நகலெடுக்க வேண்டும்.