அயர்லாந்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளி

ஒரு சிற்றூரின் பள்ளிக்கூடம் மூடப்படுமானால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை மாணவர் பதிவேட்டைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. அயர்லாந்தின் மேற்குக் கோடியில், கெர்ரி மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்த டன்குயின் என்னும் கத்தோலிக்கச் சிற்றூரின் தொடக்கப்பள்ளி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டில் தேசியப் பள்ளித் திட்டம் பிரிட்டிஷ் ஆட்சியில், 1831-ஆம் ஆண்டு தோன்றியது. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பயில வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும், நாளடைவில் கத்தோலிக்க ஊர்களில் பங்குக் குருவே பள்ளி மேலாளராக விளங்கினார். ஆசிரியர் ஊதியத்தை அரசாங்கம் அளித்தது. போதனா மொழியோ ஆங்கிலம்! இல்லத்தில் ஐரிஷ் மொழி பேசிய குழந்தைக்கு வகுப்பறை அந்நிய நாடாயிற்று. ஐரிஷ் பேசும் வட்டாரங்களில் இருமொழிப் போதனைக்கு 1904-ஆம் ஆண்டில்தான் வழி பிறந்தது.

இதன் விளைவைப் பெக் சேயர்ஸ் அம்மையாரின் வாழ்வில் காணலாம். 1873-இல் டன்குயினில் பிறந்த இவர், ஐரிஷ் கதை சொல்லிகளுள் தலைசிறந்தவர். ஆனால் ஆங்கிலத்திலேயே பள்ளிப் படிப்புப் பெற்றமையால், தாய்மொழியை எழுத அறியார். 1936-இல் வெளிவந்த தம் வரலாற்றை அவர் வாயாற் சொல்ல, மகன் எழுதினார்.

அவர் வாழ்க்கைப்பட்டுச் சென்ற பிளாஸ்கெட் பெருந்தீவு, டன்குயினுக்கு எதிரே உள்ளது. அங்கிருந்த பள்ளி 1941-இல் மூடப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1953-இல், எஞ்சிய மக்களும் தீவைவிட்டு வெளியேறினர். இக்காட்சியைக் கரையிலிருந்து கண்டவர்கள் டன்குயின் மக்கள்.

1965-இல் வெளிவந்த கல்வி அறிக்கையொன்று, அயர்லாந்தின் தொடக்கப்பள்ளிகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளே என்று காட்டியது. பல வகுப்புகளை ஒருவரே நடத்துவதும், போதிய சாதனங்கள் இன்மையும் குறைகள் என்பதை மறுப்பதற்கில்லை. சிறு பள்ளிகளை இணைக்க அமைச்சர் ஜார்ஜ் கோலி முற்பட்டபோது, 1966-இல் கால்வே மேற்றிராணியார் மைக்கேல் பிரவுன் வெளிப்படையாகவே எதிர்த்தார். எனினும் இணைப்பு நின்றுவிடவில்லை.

1970-இல் டன்குயின் பள்ளியும் மூடப்பட்டது. பிள்ளைகள் அண்டையிலுள்ள பாலிபெரிட்டர் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பது ஆணை. அதுவும் ஐரிஷ் மொழி வழங்கும் ஊரே. ஆகவே, மொழி அன்றே மறைந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சவில்லை. பள்ளி போனால் இளங்குடும்பங்கள் போகும். குடும்பங்கள் போனால் ஊரும் தீவைப்போல் வெறுமையாகும் என்றே அஞ்சினர். அவர்கள் ஆணைக்கு இணங்காமல், தொண்டாசிரியர்களைக் கொண்டு தாமே பள்ளியை நடத்தினர். மூன்றாண்டுகள் சென்றன. 1973-இல் ஆட்சி மாறியது. புதிய கல்வியமைச்சர் ரிச்சர்ட் பர்க் காலத்தில், பள்ளி மீண்டும் அரசாங்க ஏற்புடன் திறக்கப்பட்டது.

அதிகாரிகள் தலைகளை எண்ணினர். ஊரார் தலைமுறைகளை எண்ணினர். இரண்டும் கணக்கே. ஆனால் முதற் கணக்கிற் பிழை நேர்ந்தால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதிற் பிழை நேர்ந்தாலோ, திருத்துவதற்கு ஊரே இராது. சிறு பள்ளிகளின் குறைகளைக் களைவது கடமை. பள்ளியையே களைவது அக்கடமையை நிறைவேற்றுவதாகாது என்பதை ஆசிரிய உலகம் மனத்திற் கொள்ளல் நன்று.