மூன்று மணிநேரம்: இதயத் தசையின் தற்காப்பும் கண்டி மலைப்பாதையும்

1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மரி, ரொபேர்ட் ஜெனிங்ஸ், கீத் றைமர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் இரண்டு முடிவுகள் இருந்தன. முதலாவது உலகெங்கும் பேசப்பட்டது. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை மனத்தில் இருத்திப் படிப்பவருக்கு இரண்டாவதே முக்கியமாகப் படும்.

நாய்களின் முடியுருநாடி ஒன்றை 5 நிமிடம் அடைத்தார்கள், 5 நிமிடம் திறந்துவிட்டார்கள். நான்கு முறை இப்படிச் செய்தபின் 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். குருதி கிடைக்காத தசைப்பகுதியில், சிறு அடைப்புகளுக்குப் பழக்கப்படாத இதயங்களில் சுமார் 29 வீதம் இறந்தது. பழக்கப்பட்டவற்றில் சுமார் 7 வீதமே. ஒட்சிசன் இல்லாத சிறு இடைவெளிகள் தசையை நலிவிக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்ததோ நேர்மாறு. இதற்கு 'முன்பதப்படுத்தல்' என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் அதே ஆய்வில் அடைப்பை 3 மணிநேரம் நீட்டியபோது அந்தப் பாதுகாப்புக் காணாமற்போனது. இதயத் தசையின் இறப்பு உட்சுவரில் தொடங்கி அலைபோல் வெளிநோக்கிப் பரவுகிறது என்று றைமரும் ஜெனிங்சும் 1970களிலேயே காட்டியிருந்தார்கள். முன்பதப்படுத்தல் அந்த அலையை நிறுத்துவதில்லை. கலம் தன் சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுவதால் அது மெதுவாகிறது, அவ்வளவே.

இதன் சாயலை வைத்தியர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். நாளும் அரைமணிநேரம் மரம் அறுத்து, நெஞ்சுநோவு ஏறக்குறைய நீங்கப்பெற்ற ஒருவரைப் பற்றி வில்லியம் ஹெபர்டன் எழுதியது 1802இல் அச்சேறியது. முதல் ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்து, சற்று ஓய்ந்தபின் அடுத்த ஏற்றத்தில் பிடிக்காத நோயாளிகள் உண்டு.

1991இல் இந்தப் பாதுகாப்பில் அடினோசின் என்ற பொருளின் பங்கு தெளிவானது. ஒரு நாடியின் சிறு அடைப்பு வேறொரு நாடியின் பகுதியையும் காக்கும் என்பது 1993இல் தெரியவந்தது. 2002இல் கையில் குருதியழுத்தமானிப் பட்டியை ஊதி இறக்குவதே போதும் என்ற நிலைக்கு ஆய்வு வந்தது. செலவற்ற, எந்தக் கிராம வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய சிகிச்சை! ஆனால் 2015இல் வெளிவந்த இரு பெரிய சத்திரசிகிச்சை ஆய்வுகளிலும், 2019இல் ஐரோப்பாவில் 5,401 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும் பயன் கிட்டவில்லை.

இதை உயிரியலின் தோல்வியாக நான் கொள்ளவில்லை. 2019 ஆய்வின் நோயாளிகளுக்கு நாடியைப் பலூன் மூலம் உடனே திறக்கும் வசதி இருந்தது. மேலும் காக்க எஞ்சியிருந்தது குறைவு. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நம்பியிருப்போரிடம் இதைச் சோதிக்கும் ஆய்வொன்று பின்னர் ஆபிரிக்காவில் தொடங்கப்பட்டது. கேள்வியை அங்கு கொண்டுபோனது சரி.

அதே கேள்வி நம் மலைப்பாதையிலும் எழுகிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர், அத்தனையும் வளைவுகள். தோட்டத்து லயனிலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கும் தூரம் அதில் சேராது. பெரிய அடைப்புக்கு முந்திய நாட்களில் வந்துபோகும் சிறு நெஞ்சுநோவு தசையைப் பழக்கி வைப்பதை 1990களின் மருத்துவ ஆய்வுகள் சுட்டின. அதே நோவைத்தான் வாய்வு என்று இஞ்சியும் உள்ளியும் கொடுத்து வீட்டில் ஆற்றுகிறோம். அது தசைக்குத் தேடித்தந்த அவகாசம், பெரிய நோவு வந்தபின் வாகனம் தேடுவதிலும் றம்பொடை இறக்கத்திலும் கழிந்துவிடுகிறது.