ஓமமும் ஆஞ்செலிக்கும்

போன வாரம் அம்பத்தூர் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் ஓமம் வாங்கினேன். "தீபாவளி லேகியத்துக்கா ஐயா?" என்றார் கடைக்காரர். நான்கு மணியை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தபோது புதுச்சேரியில் என் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்தன.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் வாசகப் புத்தகத்தில் ஒரு கேக்கின் படம் இருந்தது. அதன் மேல் பச்சையாக அலங்கரித்த தண்டுக்கு 'ஆஞ்செலிக்' என்று பெயர். எங்களில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. வாத்தியார் நம் ஊர்க்காரர், அவரும் கண்டதில்லை. "நம்ம ஓமத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன்னு வைச்சுக்குங்கடா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

ஓய்வு பெற்ற பிறகு படித்துப் பார்த்தேன். வாத்தியார் சொன்னது சரிதான். ஆஞ்செலிக் குளிர்நாட்டுச் செடி. குடைபோல் பூ விரியும். பிரான்சில் நியோர் என்ற ஊர் அதன் தண்டைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் மிட்டாய்க்குப் பேர்போனது. உலர்ந்த விதையையும் வேரையும் மதுவகைகளில் வாசனைக்குச் சேர்ப்பார்கள், வயிற்றுப் பொருமலுக்குக் கஷாயம் வைப்பார்கள். பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகள் 1611 முதல் வடித்த மூலிகை நீரிலும் ஆஞ்செலிக் உண்டு. அஜீரணத்துக்குச் சில சொட்டு. நம் ஓம வாட்டரைப் போலத்தான்!

ஓமம், சீரகம், சோம்பு, கொத்துமல்லி, சதகுப்பை, பெருங்காயம் எல்லாம் ஆஞ்செலிக்கின் குடும்பமே. நம் அஞ்சறைப்பெட்டியில் பாதி அந்த ஒரே வம்சம். நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய்ந்த கனி. அதன் வரிகளை ஒட்டிய நுண்குழாய்களில் எண்ணெய் இருக்கிறது. கசக்கியதும் மணம் கிளம்புவது அதனால்தான். ஆனால் தொட்டியில் வளர்க்கிறோமே ஓமவல்லி, அதிலிருந்து ஓமம் வராது. அது துளசி வகையறா, வாசனைதான் ஒன்றுபோல் இருக்கும். கடையில் 'குரோசாணி ஓமம்' என்று ஒன்று உண்டு. அது வேறு செடி, நச்சுத்தன்மை உள்ளது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

வீட்டில் ஓமம் இல்லாத பண்டிகை ஏது? ஓமப்பொடி, முறுக்கு, பஜ்ஜி மாவு, பிள்ளை பெற்றவளுக்குப் பத்திய ஓமக்குழம்பு. லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலியோடு ஓமத்தையும் வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் நெய் விட்டுக் கிளறுவோம். கடலை மாவும் எண்ணெயும் சேரும் பலகாரங்களில் ஓமம் போடுவது ருசிக்கு மட்டுமல்ல, வயிறு உப்பாமல் இருக்கவும்தான்.

ஓமத்தைத் தண்ணீரில் இட்டு வாலையில் வடித்தால் கிடைப்பது ஓமத் தீநீர். அதைத்தான் ஓம வாட்டர் என்கிறோம். வடியும் எண்ணெயில் படிகமாக உறைவது ஓம உப்பு. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. புதினா உப்பு, கற்பூரம் இரண்டையும் அதோடு சேர்த்துக் குப்பியில் குலுக்கினால் மூன்றும் தண்ணீராகிவிடும். சிறு வயதில் அதைப் பார்க்க எங்களுக்கு அதிசயமாக இருக்கும்.

வெள்ளைக்காரர் அந்த உப்பைத் தைமால் என்றார்கள். நம் கடைவீதியில் விற்ற உப்பும் அவர்களுடைய தைமாலும் ஒன்றே என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டுகொண்டார்கள். அதன் பிறகு இந்திய ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குக் கப்பலேறியது. அங்கே தைமால் எடுத்தார்கள். கொக்கிப்புழு நோய்க்கு அந்நாளில் முக்கிய மருந்து அதுதான். இலங்கை, மலாயா தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களின் ரத்தத்தை உறிஞ்சிய புழு அது. 1914இல் போர் வந்து அந்த வியாபாரம் நின்றது. பிற்பாடு நம் நாட்டிலும் தைமால் எடுக்கத் தொடங்கினார்கள்.

இத்தனை பெருமை உள்ள ஓமத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. 1959 கோடையில், ஒன்றரை வயதுத் தம்பிக்குக் காலையில் பேதி கண்டது. "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று ஆயா தடுத்துவிட்டாள். சங்கில் ஓம வாட்டர் மட்டும் அரை அரைச் சங்காகப் புகட்டினார்கள். உதடு காய்ந்து, கண் உள்ளே போய்விட்டது. மறுநாள் விடியவில்லை. "ஓம வாட்டரை முன்னாடியே குடுத்திருந்தா பிழைச்சிருப்பான்" என்று அம்மா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1971இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கரைத்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். அதுவரை 100 பேருக்கு 30 பேர் அளவில் இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. எண்பதுகளில் எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன் வெகுநேரம் நின்றேன். தம்பிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த மூன்றும் அன்று எங்கள் அடுக்களையிலேயே இருந்தன.

அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பழி ஓமத்தை விட்டு, செத்துப்போன ஆயாவின் மேல் போய்விழும். ஆயா என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள்.

ஓமத்தின் மேலும் குற்றமில்லை. அது உப்புசத்துக்கான மருந்து. பேதியில் வற்றிப்போன உடம்புக்கு அதால் நீரூற்ற முடியாது. எங்கள் வீட்டு அலமாரியில் இன்று ஓம டப்பாவுக்குப் பக்கத்திலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் இருக்கிறது. எது எதற்கு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் சொல்லி வையுங்கள்.