ஒரே கம்பியில் எட்டுப் பேர்

பென் டிரைவைச் செருகுகிறீர்களே, அது கணினியோடு பேசும் பாஷை எது தெரியுமா? ஸ்கஸி. 1986-ல் அமெரிக்காவில் தரமாக அங்கீகரிக்கப்பட்ட சமாசாரம்.

அதற்கு முன்னால் ‘சாஸி’ என்று பெயர். ஷுகார்ட் என்ற டிஸ்க் கம்பெனியில் லாரி பௌச்சரின் குழு உருவாக்கியது. பொதுத் தரத்துக்கு ஒரு கம்பெனி பெயரா என்று கமிட்டி பெயரை மாற்றியது. பௌச்சருக்கு அதை ‘செக்ஸி’ என்று உச்சரிக்க ஆசை. ஊர் வாயில் ‘ஸ்கஸி’ ஆனது. ஆங்கிலத்தில் அதற்கு அழுக்கு என்று அர்த்தம், பாவம்!

கொள்கை என்னவோ உன்னதம். ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், ஸ்கேனர், டேப் எல்லாம் யார் செய்ததாக இருந்தாலும் ஒரே கேபிளில் கோத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு நம்பர், 0 முதல் 7 வரை. 7 வழக்கமாகக் கன்ட்ரோலருக்கு. அதற்குத்தான் முதல் மரியாதை. ஒரே நம்பரில் இரண்டு பேர் உட்கார்ந்தால் போச்சு. கேபிளின் இரு முனையிலும் டெர்மினேட்டர் வேண்டும். இல்லையென்றால் சிக்னல் முட்டித் திரும்பி எதிரொலிக்கும். போதாக்குறைக்கு, 1986 தரத்தில் பல கட்டளைகள் ‘விருப்பம் இருந்தால்’ ரகம். ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்து வைத்தார்கள்.

மெதுவான சிடி டிரைவைச் சேர்த்தால் வேகமான டிஸ்க்கும் நொண்டும் என்று பலர் நம்பினார்கள். அப்படியில்லை. வேகத்தை ஒவ்வொரு சாதனமும் கன்ட்ரோலரோடு தனித்தனியாகப் பேசி முடித்துக்கொள்ளும். வினை வந்தது வேறு வழியில்.

1990-களின் கடைசியில் எல்விடி என்ற குறைந்த மின்னழுத்த முறை வந்தது. விநாடிக்கு 80 மெகாபைட், கேபிள் 12 மீட்டர் வரை. இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு பழைய ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். வேகம் பேசித் தீர்க்கிற விஷயம், மின்சாரம் அப்படியில்லையே! கம்பி மொத்தமும் பழைய முறைக்கு இறங்கும். வேகம் 40-ஐத் தாண்டாது. கேபிளும் 3 மீட்டருக்குள் அடங்கவேண்டும், ஆள் கூடினால் அதிலும் பாதி. நீளத்தை மறந்தவர்களுக்கு, ஆபீஸ் கணக்கெல்லாம் இருக்கும் டிஸ்க்கில் அவ்வப்போது பிழை. கன்ட்ரோலரும் டிஸ்க்கும் மாற்றிப் பார்ப்பார்கள். ஓரமாய்ச் சும்மா கிடக்கும் ஸ்கேனரை யார் சந்தேகப்படுவார்?

பௌச்சர் 1981-ல் தொடங்கிய அடாப்டெக் கம்பெனிதான் இதற்கும் மருந்து விற்றது. 2940 யூ2டபிள்யூ கார்டில் பழசையும் புதுசையும் பிரிக்க நடுவில் ஒரு சிப். பிறகு 2000-களில் வந்த சாஸ் முறையில் பங்காளிச் சண்டையே இல்லை: ஆளுக்கொரு கம்பி. கட்டளைகள் மட்டும் அதே ஸ்கஸி.