பொறுப்பு

‘பொறு’ என்ற வினையடியில் பிறந்த சொல். பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். ‘பொறை’ என்பதற்குச் சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். திருக்குறளின் 16-ஆம் அதிகாரம் பொறையுடைமை. பழைய வழக்கில் பொறையுயிர்த்தல் என்றால் பிள்ளை பெறுதல், அதாவது சுமையை இறக்கி இளைப்பாறுதல். ‘அது உன்னைப் பொறுத்தது’ என்று அன்றாடம் சொல்கிறோமே, அதுவும் இந்த வேரில் கிளைத்ததுதான்.

வணிகவியல் பாடநூல்களில் சொத்துகளுக்கு எதிர்ப் பக்கம் நிற்பவை பொறுப்புகள். பிறருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. அரசு அலுவலகத்தில் இதே சொல் சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, ரொக்கம் என்று கைக்குக் கை மாறுகிறது. மாற்றலாகிப் போகிறவர் ‘ஒப்படைத்தேன்’ என்று எழுதுகிறார். வருகிறவர் எண்ணிச் சரிபார்த்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திடுகிறார். அந்த நிமிடம் முதல் குறைந்தது எதுவானாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் சொந்த வேலைகளுக்கு இப்படிக் கையெழுத்துப் போடுவதே இல்லை. ‘பார்த்துக்கலாம்’, ‘செஞ்சிடலாம்’ என்கிறோம். யார், எப்போது என்பது அந்தப் பேச்சில் இல்லை. தட்டிக்கழிக்க வசதி அங்கேதான் இருக்கிறது. ஒரு நோட்டில் ஏற்றது, முடித்தது, பாக்கி என்று மூன்று பத்தி போட்டு, ஒவ்வொன்றுக்கும் தேதியும், யாருக்குச் சொன்ன வாக்கு என்பதும் எழுதினாலே பாதி வேலை ஒழுங்குக்கு வரும். பாக்கிப் பத்தி நீள்கிறதா? புதிதாக ஒன்றை ஏற்குமுன் ‘முடியாது’ என்று சொல்வதும் பொறுப்புத்தான். தாங்கும் எடை தெரிந்துதானே சுமையைத் தோளில் ஏற்ற வேண்டும்!