பெஞ்சில் உட்கார வைத்தால் பிளேயர் போய்விடுவார்!

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் ஒரு ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக, கோச் பங்கு போட 200 நிமிடம்தான். அணியிலோ சுமார் 15 பேர். சமமாகப் பிரித்தால் யாருக்கும் 14 நிமிடம்கூட வராது.

2014-15இல் கென்டக்கி கோச் ஜான் கலிபாரி, ஐந்தைந்து பேராக இரண்டு செட்டை மாற்றி மாற்றி இறக்கினார். டிசம்பரில் ஒருவர் காயமடைய, அந்த ஏற்பாடு குலைந்தது. ஆனாலும் 38 வெற்றி, ஒரே தோல்வி.

பொதுவாக கோச்சின் ஆயுதம் பெஞ்ச்தான். டிஃபென்ஸில் சொதப்பினால் உட்கார வேண்டியதுதான். வேறு கல்லூரிக்கு மாறினால் பெரும்பாலும் ஒரு சீசன் ஆட முடியாது என்பதால், பிளேயர்களும் பொறுத்துப் போனார்கள். 2021இல் அந்த விதி தளர்ந்தது. 2024 முதல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். நோட்டீஸ் பீரியட் இல்லாத ரிசைன் மாதிரி! அதனால் இப்போது, உட்கார வைக்கும்போதே காரணத்தையும் சொல்லியாக வேண்டிய நிலை கோச்சுக்கு.